வினைமுற்றுக்குக் காத்திருக்கும் செவி

ஒருவர் பேச மற்றொருவர் கேட்கும் கணநேரத்தில், கேட்பவர் உள்ளத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவைப் பொதுவாசகர்முன் வைத்து விடைகூற முற்பட்ட நூல்களுள் ஸ்டீவன் பிங்கரின் 'தி லாங்வேஜ் இன்ஸ்டிங்க்ட்' தனியிடம் பெற்றது. 'மொழி என்னும் இயல்பூக்கம்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1994-இல் வெளிவந்த அந்நூல் முழுவதையும் மதிப்பிடுவது நம் நோக்கமன்று. 'பேசும் தலைகள்' எனப் பொருள்படும் தலைப்பினையுடைய அதன் ஏழாம் அதிகாரத்தை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். வாக்கியம் காதில் விழ விழ மனம் அதனை எவ்வாறு பொருளாக்கிக்கொள்கிறது என்பதே அவ்வதிகாரம் ஆராயும் செய்தி. ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று இறைவாக்கை வாசிப்போருக்கும், அமர்ந்து அதனைக் கேட்போருக்கும் இஃது எட்டாத பொருளன்று.

ஆசிரியர் இறைநம்பிக்கை அற்றவர். அதனை அவர் ஒளித்ததும் இல்லை. அது கருதி இத்தகைய நூல்களைக் கையில் எடுக்கத் தயங்குவார் நம்மிடையே சிலர் உண்டு. வாக்கியத்தைக் கேட்கும் செவி நம்புவார்க்கும் நம்பார்க்கும் ஒன்றே ஆதலின், அவ்வழக்கை நாம் இங்கு எழுப்பவில்லை.

முதலில் அதிகாரத்தின் வலிமையைச் சொல்லிவிடுவோம். சொற்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, வாக்கியம் முடிந்த பின்னரே மனம் பொருள் காண்பதாக நம்மில் பலர் எண்ணியிருப்போம். அப்படியன்று. சொல் ஒவ்வொன்றும் வந்தவுடனே அதற்குரிய கிளையில் பொருத்தி, மரம் ஒன்றை எழுப்புவதுபோல் மனம் வாக்கியத்தை எழுப்பிக்கொண்டே செல்கிறது. இதற்குச் சான்றான பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1973-இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் என்பவர், காதில் விழும் பேச்சை உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு சிலரைப் பணித்தார். அவர்களுள் மிக விரைவாகச் செய்தவர்கள் ஏறத்தாழக் கால் வினாடியே பின்தங்கினர். அதாவது ஓரிரு அசைகளின் இடைவெளி. அவ்விரைவிலும் அவர்கள் இழைத்த பிழைகள் இலக்கணத்திற்கும் பொருளுக்கும் இயைந்தே இருந்தன. வெறும் ஒலியை அவர்கள் எதிரொலிக்கவில்லை. பொருள் உணர்ந்தே திருப்பிச் சொன்னார்கள் என்பது இதனால் விளங்கும்.

இப்பணியில் மனம் இரு சுமைகளைத் தாங்குகிறது என்கிறார் பிங்கர். இன்னும் நிரப்பப்படாத கிளைகளை நினைவில் வைத்திருத்தல் ஒன்று. ஒரு சொல்லுக்கோ தொடருக்கோ பல பொருள் கிடைக்குமிடத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் மற்றொன்று. கணினிக்கு நினைவு எளிது, தெரிவு அரிது. மனிதருக்கு நினைவே அரிது, தெரிவு எளிது. இவ்வொப்பீட்டை அவர் விரிக்கும் பக்கங்கள் தெளிவுக்கு இலக்கணமாக அமைந்தவை.

தெரிவைப் பற்றிய பகுதியில் அவர் எடுத்துக்காட்டும் ஆய்வு நம் இலக்கியம் அறிந்தோர்க்குச் சுவையானது. 1979-இல் டேவிட் ஸ்வின்னி நடத்திய ஆய்வு அது. ஆங்கிலத்தில் பூச்சிக்கும் உளவுக் கருவிக்கும் பொதுவாய் வழங்கும் சொல் ஒன்று உண்டு. பூச்சியையே குறிக்கிறது என்று ஐயமின்றித் தெரியும் இடத்தில் அச்சொல்லைக் கேட்கச் செய்து, அதே கணத்தில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார் அவர். 'எறும்பு' என்ற சொல்லைக் கேட்போர் விரைவில் இனங்கண்டதில் வியப்பில்லை. 'ஒற்றன்' என்ற சொல்லையும் அவ்வாறே விரைந்து இனங்கண்டனர் என்பதே வியப்பு. சில அசைகள் கழித்துக் காட்டியபோது அவ்விரைவு மறைந்துவிட்டது. ஆக, இரு பொருளும் ஒருசேர விழிக்கின்றன. இடத்துக்குப் பொருந்தாதது ஒரு வினாடிக்குள் உறங்கிவிடுகிறது. நாம் அதை அறிவதே இல்லை. காளமேகப் புலவர் சிலேடையில் செய்தது, உறங்கப்போகும் அந்த இரண்டாம் பொருளைத் தட்டி எழுப்பி உட்கார வைத்ததுதானே! பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கேட்டு நாம் அடையும் மகிழ்ச்சிக்கு மனத்தின் அடித்தளத்திலேயே இடம் இருக்கிறது.

அடுத்து வருவது, கேட்போரைத் தவறான பாதையில் இட்டுச்சென்று இறுதியில் திடுக்கிடச் செய்யும் வாக்கியங்கள் பற்றிய பகுதி. தாமஸ் பீவர் 1970-இல் எடுத்துக்காட்டிய குதிரை வாக்கியம் இத்துறையில் பெயர்பெற்றது. களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் 'ஓடியது' என்பதற்கும் 'ஓட்டப்பட்ட' என்பதற்கும் வடிவம் ஒன்றே. ஆகவே, குதிரை ஓடியது என்று மனம் முடித்துவிடுகிறது. கடைசியில் 'விழுந்தது' வந்து நிற்க, வாக்கியமே பிழை என்று எண்ணத் தோன்றுகிறது. இவ்வாக்கியத்தைத் தமிழில் பெயர்த்த மாத்திரத்தில் மயக்கம் மறைந்துபோவதை வாசகர் கண்டிருப்பர். 'ஓடிய', 'ஓடியது', 'ஓட்டப்பட்ட' என மூன்றும் நமக்கு மூன்று வடிவங்கள்.

நம் முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. மனித மனத்தின் பொதுவியல்பு என்று அதிகாரம் பேசுகிறது. எடுத்துக்காட்டுகளோ ஏறக்குறைய யாவும் ஆங்கிலத்துக்கே உரியவை. எழுவாயை அடுத்து வினையும் அதன்பின் செயப்படுபொருளும் வரும் மொழி ஒன்றைக் கொண்டு எல்லா மொழியினர் மனத்தையும் அளக்கலாகுமோ? தமிழிலும் வழிமாற்றும் வாக்கியங்கள் உண்டு. அவை வேறு இடத்தில் பதுங்கியிருக்கின்றன. 'தாய் பிள்ளையை அடித்த' என்று ஒருவர் சொல்லக் கேட்கிறோம். அடித்தவள் தாய் என மனம் முடிவுசெய்கிறது. அவரோ, 'பெரியவரைக் கண்டித்தாள்' என்று முடிக்கிறார். அடித்தவர் பெரியவர், தாய் செய்தது கண்டித்தது மட்டுமே. பெயரெச்சம் தனக்குரிய பெயரைப் பின்னால் கொண்டிருப்பதால் நேரும் மயக்கம் இது. தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் இவ்வகை வாக்கியங்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கின்றனர். 1994-க்கு முன்னரே தொடங்கிய அம்முயற்சிகளுக்கு இவ்வதிகாரத்தில் இன்னும் இடம் தந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிங்கரின் விளக்கத்தில் எதிர்பார்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது கடனாக மட்டுமே இருக்கிறது. இன்ன வகைச் சொல் இனி வரவேண்டும் என்று மனம் குறித்துவைக்கும் ஒவ்வொரு குறிப்பும் நினைவுக்குச் சுமை. கடன் பெருகப் பெருக மனம் தள்ளாடும். இக்கணக்கின்படி பார்த்தால், வினையைக் கடைசிவரை நிறுத்திவைக்கும் தமிழர் எந்நேரமும் கடனாளிகளாகவே பேசிக்கொண்டிருக்கவேண்டும். அப்படி நாம் யாரும் உணர்வதில்லை. ஏன்?

பின்வந்த ஆய்வுகள் விடைக்கு வழிகாட்டின. 1999-இல் ஜெரி ஆல்ட்மன், யூக்கி கமிடே ஆகிய இருவரும் ஒரு படத்தைக் காட்டினர். சிறுவன் ஒருவன், சுற்றிலும் ஒரு கேக், சில விளையாட்டுப் பொருள்கள். 'சிறுவன் உண்பான்' என்னும் பொருளுடைய சொற்கள் காதில் விழுந்ததுமே, கேக் என்ற சொல் வருமுன் கேட்போர் கண்கள் கேக்கை நாடின. ஆங்கிலத்தில் வினை முன்னே வருவதால் இது கூடிற்று எனலாம். ஆயின் 2003-இல் அவர்கள் ஜப்பானிய மொழியில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் அணுக்கமானது. படத்தில் உணவகப் பணிப்பெண், வாடிக்கையாளர், தின்பண்டம். 'பணிப்பெண்' என்பது எழுவாய் உருபுடனும் 'வாடிக்கையாளருக்கு' என்பது நான்காம் வேற்றுமைப் பொருளிலும் ஒலித்தவுடன், தின்பண்டத்தின் பெயர் வருமுன்பே கண்கள் அதன்மேல் சென்றன. வினையோ இன்னும் தொலைவில் இருந்தது. 'கு' என்ற ஓர் உருபு போதும், கொடுத்தற்குரிய பொருள் ஒன்று வரப்போகிறது என்பதை மனத்துக்கு உணர்த்த. வேற்றுமை உருபுகளைப் பள்ளியில் வாய்ப்பாடாக உருப்போட்ட நாம், அவை செவிக்கு முன்னறிவிப்பாய் நிற்பவை என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா?

2000-ஆம் ஆண்டு லார்ஸ் கோனியெட்ஸ்னி ஜெர்மானிய மொழியில் கண்டதும் கருதத்தக்கது. அம்மொழியில் வினை இறுதியில் நிற்கும் வாக்கியங்களில், வினைக்கு முன் சொற்கள் மிகுந்தபோது படிப்போர் அவ்வினையை மெதுவாகப் படிக்கவில்லை, விரைவாகவே படித்தனர். கடன் மட்டும் பெருகியிருந்தால் தாமதம் அன்றோ நேர்ந்திருக்கும்? முன் வந்த சொற்கள் ஒவ்வொன்றும் வரப்போகும் வினையின் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தன என்பதே பொருந்தும் விளக்கம்.

இவ்வுண்மை நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று. வினை முற்றுப்பெறாத சொல்லுக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் வழங்கிவரும் பெயர் எச்சம். இனி ஒன்று எஞ்சி நிற்கிறது என்பதையே பெயராக உடைய இலக்கண வகை அது. சொல்லதிகாரத்தின் இறுதி இயலும் அப்பெயரையே தாங்கியுள்ளது. சொற்கள் சேர்ந்து ஒரு வாக்கியப் பொருளைத் தருவதற்கு மூன்று வேண்டும் என்று இந்திய மெய்யியலார் வகுத்தனர். அவற்றைத் தமிழில் அவாய்நிலை, தகுதி, அண்மை என்பர். ஒரு சொல் மற்றொன்றை அவாவி நிற்பது அவாய்நிலை. அவாவுதல் என்ற சொல்லாட்சியை வாசகர் கருதவேண்டும். வேட்கை என்றார்களே அன்றிச் சுமை என்றார்களில்லை. மீமாஞ்சகர் வேத வாக்கியங்களுக்குப் பொருள் காண்பதற்காகக் கூர்தீட்டிய இக்கருத்து, கண்ணின் அசைவை அளக்கும் கருவிகள் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முற்பட்டது.

புனித அகுஸ்தினாரையும் இங்கு நினையாமல் இருக்க இயலாது. ஏறத்தாழ 397-க்கும் 401-க்கும் இடையில் அவர் எழுதிய 'அறிக்கைகள்' நூலின் 11-ஆம் பகுதி காலத்தைப் பற்றியது. காலத்தை எங்கே அளக்கிறோம் என்று கேட்கும் அவர், தமக்குத் தெரிந்த இலத்தீன் திருப்பாட்டின் அடி ஒன்றை எடுத்துக்கொண்டு, மாறி மாறி வரும் அதன் குறில் நெடில் அசைகள் எட்டையும் எண்ணுகிறார். நெடிலை அளக்கக் குறில் வேண்டும். நெடில் ஒலித்து முடிவதற்குள் குறில் மறைந்துவிட்டதே! எனவே அளப்பது ஒலியை அன்று, நினைவில் பதிந்ததையே என்கிறார். பின்பு திருப்பாடல் ஒன்றை ஓதுவதை விளக்குகிறார். ஓதத் தொடங்குமுன் பாடல் முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஓத ஓத எதிர்பார்ப்பு குறைந்து நினைவு பெருகுகிறது. இரண்டுக்கும் நடுவே கவனம் நின்று எதிர்காலத்தைக் கடந்தகாலமாக மாற்றி அனுப்புகிறது. குருமட நாள்களில் காலம் பற்றிய மெய்யியலாக மட்டுமே நாம் பயின்ற பகுதி இது. இன்று படிக்கும்போது, வாக்கியத்தைக் கேட்கும் மனத்தின் படமாகவும் நிற்கிறது. நினைவும் தெரிவும் பிங்கருக்கு இரு தூண்கள். நினைவு, கவனம், எதிர்பார்ப்பு என அகுஸ்தினாருக்கு மூன்று. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: அவர் பேசுவது மனப்பாடமாக அறிந்த பாடலைப் பற்றி. அறியாத வாக்கியத்தைக் கேட்பவரின் எதிர்பார்ப்பு அத்துணை உறுதியானதன்று.

இவ்வேறுபாட்டைப் பிங்கர் அறிவார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆறாம் அதிகாரத்தில், எதிர்பார்ப்பின் வழியே மட்டும் கேட்கும் மனம் இல்லாததையும் கேட்டுவிடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதன் நியாயத்தைக் காலம் உறுதிசெய்தது. மூளையின் மின்னலைகளை அளந்து 1980-இல் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் கண்ட செய்தி இத்துறையில் அடிப்படையானது: ரொட்டியில் தடவியது காலுறை என்பதுபோல் பொருந்தாச் சொல் வந்தால், அச்சொல் தொடங்கி ஏறத்தாழ 0.4 வினாடியில் ஓர் அலை உச்சம் பெறுகிறது. இதன் தொடர்ச்சியாக 2005-இல் வெளிவந்த ஆய்வு, வரவிருக்கும் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் சிறு ஆங்கில அடைச்சொல்லிலேயே எதிர்பார்ப்பின் தடம் தெரிகிறது என்றது. பலரும் அதனை மேற்கோளாக எடுத்தாண்டனர். 2018-இல் ஒன்பது ஆய்வகங்கள் 334 பேரைக் கொண்டு அதனைத் திரும்பச் செய்துபார்த்தபோது, பெயர்ச்சொல்லில் விளைவு தெளிவாகக் கிடைத்தது, அடைச்சொல்லில் கிடைக்கவில்லை. மனம் முந்துகிறது, ஆனால் குறித்த ஒரு சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு எப்போதும் முந்துவதில்லை.

அதிகாரத்தில் மிகவும் முதுமை அடைந்துவிட்ட பகுதி அதன் தொடக்கம். 1991-இல் நடந்த உரையாடும் கணினிப் போட்டியைச் சிறிது எள்ளலோடு விவரித்து, மனிதப் பேச்சைப் புரிந்துகொள்வது பொறியியலுக்கு எத்துணை அரிது என்று ஆசிரியர் காட்டுகிறார். 2022-இன் இறுதிக்குப் பின் பரவலான உரையாடும் கணினிகளைப் பயன்படுத்திய இளைஞர் இப்பகுதியைப் படித்துப் புன்னகைப்பர். அடுத்து எச்சொல் வரும் என்று கணித்துக் கணித்தே அக்கணினிகள் பயின்றன. ஒரு சொல் எந்த அளவுக்கு எதிர்பாராததோ அந்த அளவுக்கு அதைப் படிக்க நேரம் கூடுகிறது என்று 2013-இல் ஸ்மித், லெவி என்போர் காட்டியதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மனமும் கணினியும் ஒன்றே என்று சொல்லிவிட ஆசை வரும். ஆசைக்கு அணையாக 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கணிப்பில் மிகச் சிறந்த பெரிய கணினி மாதிரிகள், மனிதர் படிக்கும் நேரத்தை விளக்குவதில் சிறியவற்றைவிடப் பின்தங்கின. அளவுக்கு மீறிப் படித்திருப்பது அவற்றின் குறை! இந்த ஒப்பீட்டை மேலும் நீட்ட நாம் விரும்பவில்லை.

நமக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது வேறொன்று. வழிமாற்றும் வாக்கியத்தின் இறுதியில் கேட்பவர் தம் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்கிறார், அத்தோடு செய்தி முடிந்தது என்ற எண்ணத்தையே இவ்வதிகாரம் நம்மிடம் விட்டுச்செல்கிறது. 2001-இல் கீல் கிறிஸ்டியன்சன், பெர்னாண்டா பெரெய்ரா முதலியோர் வெளியிட்ட ஆய்வு அந்நிம்மதியைக் குலைத்தது. அன்னா என்பவள் குழந்தையைக் குளிப்பாட்டினாள் என முதலில் எண்ணவைத்து, குளித்தவள் அவளே, குழந்தை தொட்டிலில் விளையாடியது என்று முடியும் ஆங்கில வாக்கியம் அது. படித்து முடித்தவர்களிடம், குழந்தை விளையாடியதா என்றால் ஆம் என்றனர். அன்னா குழந்தையைக் குளிப்பாட்டினாளா என்றாலும் பலர் ஆம் என்றே விடையளித்தனர். மரத்தைத் திருத்திக் கட்டியும் பழைய பொருள் மனத்தில் தங்கிவிட்டது. நம் எடுத்துக்காட்டுக்கு வந்தால், பெரியவரைத் தாய் கண்டித்த செய்தியைக் கேட்டுவிட்டு, பிள்ளையை அடித்தவள் தாய் என்ற நிழலோடு ஒருவர் வீடு திரும்பக்கூடும். பங்கு வாழ்வில் ஒரு சொல் நான்கு வீடு கடப்பதற்குள் என்னவாகிறது என்பதை அறிந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'அவர் அந்தப் பணத்தை எடுத்தார் என்று நான் சொல்ல' என்பது வரையில் அது குற்றச்சாட்டு. 'வில்லை' என்ற இரண்டு அசைகளே அதைத் துடைக்கின்றன. இனி, 2009-இல் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை அளந்த ஆய்வை நோக்குவோம். வினா முடிந்து விடை தொடங்குவதற்குள் சராசரி இடைவெளி ஏறத்தாழ 0.2 வினாடி. கண்முன் உள்ள ஒரு படத்தின் பெயரைச் சொல்லவே 0.6 வினாடி அளவில் தேவைப்படுகிறது. ஆகவே, எதிரே இருப்பவர் முடிப்பதற்கு முன்னரே நாம் விடையைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். அப்பத்து மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியிலேதான் இடைவெளி மிகமிகக் குறுகியதாக இருந்தது! பங்கு இல்லத்திற்கு வழக்கோடு வரும் கணவன் மனைவியரில் ஒருவர் பேச மற்றவர் இடைமறிக்கும் இடம், பெரும்பாலும் வினைமுற்றுக்குச் சற்று முன்னதாகவே இருக்கும்.

இதே காரணத்தால் நம் ஆலயங்களில் வாசகம் படிப்போருக்கும் இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. மூச்சுக் குறைய, வரி முடிய, குரலைத் தாழ்த்தி இறுதிச் சொல்லை விழுங்கிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் வாலை விழுங்கினால் பெரும்பாலும் ஓர் அடைமொழியோ ஓர் இடப்பெயரோ போகும். தமிழில் போவது வினை. வினையோடு காலம், இடம், பால், மறுப்பு எல்லாம் போகும். ஒலிபெருக்கி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வாயிலிருந்து வெளிவராததைப் பெருக்காது.

வாக்கியத்தின் நீளத்தைக் குறித்தும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகம் முதல் அதிகாரம் 3 முதல் 14 வரையுள்ள பகுதி கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பு அதனைப் பல வாக்கியங்களாகப் பிரித்தே தந்திருக்கிறது. பிங்கரின் கணக்கில் இது சரியே. நிரம்பாத கிளைகள் குறைகின்றன. செவிக்கு எளிமை செய்த மொழிபெயர்ப்பாளரை நாமும் குறைகூறோம். ஆயினும் கிரேக்கத்தைப் படித்தவர் ஓர் இழப்பை உணர்வர். தொடர் மேல் தொடராய் ஏறி, இன்னும் முடியவில்லை, இன்னும் முடியவில்லை என்று செல்லும் அந்தப் புகழுரையின் மூச்சு, முற்றுப்புள்ளி விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அறுபடுகிறது. வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோத்து, செவியைக் களைப்படையச் செய்யாமல் நெடுந்தொலைவு இட்டுச்செல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. நம் பழைய உரைநடை ஆசிரியர்கள் அதைச் செய்துகாட்டினர். பன்னிரண்டு வசனங்களை ஒரே வாக்கியமாக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மூன்றோ நான்கோ ஆக்கியிருக்கலாம். டிசம்பர் 8-ஆம் நாள் அமல உற்பவப் பெருவிழாவின் இரண்டாம் வாசகமாக வருவது இதே பகுதியின் 3 முதல் 6, 11 முதல் 12 வரையுள்ள வசனங்களே. வாசிப்பவர் முற்றுப்புள்ளிகளில் குரலை முழுதும் இறக்காமல், வினைமுற்றை மட்டும் தெளிவாக ஒலித்து அடுத்த வாக்கியத்துக்குச் செல்வாராயின், அச்சு பிரித்து வைத்ததில் ஒரு பகுதியையேனும் செவி சேர்த்துக்கொள்ளும்.